பிக்கப் வண்டியின் குரல்

தமிழில் நாம் சைலன்சர் என்கிறோம். வெள்ளைக்காரர் ஆட்சியோடு வந்து மெக்கானிக் கடைகளில் தங்கிவிட்ட பிரிட்டிஷ் சொல் அது. அமெரிக்கர்கள் அதே உருளையை மஃப்ளர் என்பார்கள். நமக்கு மப்ளர் என்றால் மார்கழிப் பனிக்குக் காதை மூடிக் கட்டும் கம்பளித் துணி. சொல் ஒன்றுதான், அவர்கள் வண்டிக்குக் கட்டிவிட்டார்கள். கட்டிய துணியை அவிழ்த்து எறியும் பழக்கமும் அந்த நாட்டில் பழையது. புது பிக்கப் வண்டி வாங்கிய கையோடு, கம்பெனி பொருத்திக் கொடுத்த குறையில்லாத சைலன்சரை அறுத்தெடுத்துவிட்டு, வேறொருவர் செய்த சத்தமான சைலன்சரைக் காசு கொடுத்து மாட்டிக்கொள்கிறவர்கள் அங்கே ஏராளம். ஏன் என்று கேட்டால் "பவர்" என்பார்கள். விற்கிறவர்களும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். அந்தப் பதிலை வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் நிற்காது என்பது என் கட்சி. வலு என்பது ஒருகாலத்தில் உண்மையான காரணம். பிறகு துரு காரணமாயிற்று. இரண்டும் தீர்ந்த பிறகும் பழக்கம் தீரவில்லை. மிஞ்சிய காரணம் குரல் ஒன்றுதான். அந்தக் குரலைப் பெரிய வியாபாரமாக்கியதில், சத்தத்தை நேசித்தவர்களைவிட வாஷிங்டனில் எழுதப்பட்ட சட்டங்களுக்குப் பங்கு அதிகம்.

முதலில் அந்த உருளை செய்யும் வேலையைப் பார்த்துவிடலாம். பெட்ரோல் எரிந்து முடிந்து எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது சிலிண்டருக்குள் இருக்கும் புகை, வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது. அடைபட்ட கூட்டம் கதவு திறந்ததும் முட்டிக்கொண்டு ஓடுவதுபோல அது குழாய்க்குள் பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு வெடிச்சத்தம். சைலன்சருக்கு இட்ட கட்டளை விசித்திரமானது: புகையைத் தடுக்காதே, புகையோடு வரும் அலையை மட்டும் தடு. இதற்கு வழிகள் இரண்டு. அறைகளும் தடுப்புகளும் வைத்து அலையைத் திருப்பி அனுப்பி அலையோடு மோதவிடுவது ஒன்று. துளையிட்ட குழாயைச் சுற்றிப் பஞ்சுபோன்ற பொருளை அடைத்து அலையை உறிஞ்சவைப்பது மற்றொன்று. முதல் வழியில் சத்தம் நன்றாக அடங்கும், புகைக்குத் தடை கூடும். இரண்டாவதில் தடை குறைவு, சத்தம் ஓரளவுதான் அடங்கும். பின்னால் வந்த சண்டைகள் எல்லாம் இந்த ஒரு பேரத்தின் மேல் நடந்தவை.

இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் ஊரில் மரக் கப்பிகள் செய்துவந்த மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்ற சகோதரர்கள் 1897 மே மாதம் இன்ஜின் எக்ஸாஸ்ட்டுக்கான மஃப்ளருக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் மில்டன் தன் முதல் மோட்டார் வண்டியைச் செய்திருந்தார். தெருவெல்லாம் குதிரைகள் நின்ற காலம், வெடித்துக்கொண்டு போகும் வண்டி ஊருக்கு ஆகாது. இந்தப் பெருமையைச் சிலர் ஹைரம் பெர்சி மாக்சிமுக்குத் தருவதுண்டு. அவர் துப்பாக்கிக்கான சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றது 1909இல், ரீவ்ஸ் சகோதரர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டு பின்னால். ஆக, சைலன்சர் பிறந்தது ஓட்டுகிறவனுக்காக இல்லை, ஓட்டாதவர்களுக்காகவும் அவர்களுடைய குதிரைகளுக்காகவும். அதன் செலவு மட்டும் ஓட்டுகிறவன் தலையில் விழுந்தது.

அந்தச் செலவு அன்று சின்னதில்லை. ஃபோர்டு மாடல்-டி இன்ஜினின் வலு 20 குதிரைத்திறன். 1925இல் அதே வண்டியின் முதுகில் ஒரு சுமைத்தொட்டியை வைத்து 281 டாலருக்கு ஃபோர்டு விற்றது. அதுதான் அந்த நிறுவனம் தன் தொழிற்சாலையிலேயே முடித்துக் கொடுத்த முதல் பிக்கப். இருபதில் ஒன்றிரண்டு போனாலும் சுமையோடு மேடு ஏறுகிறவனுக்கு வித்தியாசம் தெரியும். அதற்கு அன்றைய ஓட்டுநர்கள் கண்ட வழி கட்-அவுட். நமக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் தியேட்டர் வாசலில் பாலாபிஷேகம் வாங்கும் நடிகர் உருவம் நினைவுக்கு வரும். அங்கே அது சைலன்சருக்கு முன்னால் குழாயில் வைக்கும் ஒரு சின்னக் கதவு. காலால் மிதித்தாலோ கம்பியை இழுத்தாலோ திறந்துகொள்ளும், புகை சைலன்சருக்குள் போகாமல் நேரே வெளியேறும். மேடு ஏறியதும் மூடிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. மூடத்தான் பலருக்கு மனம் வரவில்லை. 1910களிலேயே பல நகரங்கள் கட்-அவுட்டைத் திறந்து ஓட்டுவதைத் தடைசெய்ய ஆரம்பித்தன.

நியூயார்க்கில் சத்தத்துக்கு எதிரான இயக்கம் இதற்கும் முந்தியது. ஜூலியா பார்னெட் ரைஸ் என்ற சீமாட்டி ஹட்சன் ஆற்றில் இழுவைப் படகுகள் இரவெல்லாம் ஊதிய சங்கை எதிர்த்துக் கிளம்பி, 1906இல் தேவையற்ற சத்தத்தை ஒழிக்கும் சங்கம் ஒன்றையே நிறுவினார். 1929இல் அந்த நகரம் ஒரு சத்த ஒழிப்பு ஆணையத்தை அமைத்தது. எந்தச் சத்தம் உங்களை வதைக்கிறது என்று ஆணையம் மக்களைக் கேட்டது. 11,000க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. லாரிகள் பட்டியலில் முதலிடம் பிடித்தன. கட்-அவுட்டுகளுக்கும் அதில் தனியாக ஓர் இடம் இருந்தது. என் வாதத்துக்கு இந்தப் பட்டியல் முக்கியமான சான்று. கட்-அவுட் மேடு ஏற வந்த கருவி. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறித் தீரவேண்டிய மலை எதுவும் நியூயார்க் தெருக்களில் இல்லை. ஆனாலும் அங்கே அது ஊரைத் தூங்கவிடாத அளவுக்குத் திறந்து கிடந்தது. வலு உண்மையான காரணமாக இருந்த காலத்திலேயே குரல் அதன் நிழலில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

வலுவின் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1932இல் ஃபோர்டு சாதாரணர்கள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினை, 65 குதிரைத்திறனோடு கொண்டுவந்தது. அதன் இரண்டு பக்கப் புகையும் ஒரே குழாயில் சேர்ந்து ஒரே சைலன்சர் வழியாகத்தான் போக வேண்டும். பக்கத்துக்கு ஒரு குழாய், ஒரு சைலன்சர் என்று பிரித்தால் இன்ஜின் இலகுவாக மூச்சுவிட்டது. கடிகாரம் வைத்துப் பார்த்தாலே பலன் தெரிந்தது. தெற்குக் கலிபோர்னியாவின் மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய ஃபோர்டுகளை ஓட்டி நேரம் பார்த்த இளைஞர்களுக்கு இது பரிசோதித்து அறிந்த விஷயம். அவர்களுடைய மன்றங்கள் 1937இல் ஒரு சங்கமாகத் திரண்டன. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற பத்திரிகையும் வந்துவிட்டது. ஏரியில் சைலன்சரே வேண்டாம், தெருவில் சட்டப்படி வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்ததுதான் கிளாஸ்பேக். துளையிட்ட நேர்க்குழாய், சுற்றிலும் கண்ணாடி இழைப் பஞ்சு, அதற்கு மேல் ஒரு தகடு. ஒரு முனையில் கண்ணை வைத்தால் மறுமுனையின் வெளிச்சம் தெரியும். போலீஸ்காரர் குனிந்து பார்த்தால் சைலன்சர் இருக்கிறது. நிமிர்ந்து கேட்டால் இல்லை. பஞ்சு மேல்ஸ்தாயிச் சத்தத்தைத் தின்றுவிட்டுக் கீழ்ஸ்தாயியை விட்டுவிடும், அதனால் அடிவயிற்றிலிருந்து வருவதுபோன்ற ஓர் உறுமல் கிடைத்தது. நாள்பட நாள்படப் பஞ்சு எரிந்து சத்தம் கூடும். வேறு எந்தச் சாமானுக்கும் குறையாகக் கருதப்படும் இந்தத் தேய்மானம், இதற்கு மட்டும் குணமாக எண்ணப்பட்டது.

இதற்கிடையில் சத்தப் பிரியர் அல்லாத கோடிக்கணக்கானவர்கள் சைலன்சர் மாற்றிக்கொண்டிருந்தார்கள், துருவின் உபயத்தால். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. வண்டி தூரம் ஓடினால் குழாய் சூடேறி ஆவி பறந்துவிடும். கடைக்குப் போய் உடனே திரும்பும் வண்டியில் அது சைலன்சருக்குள்ளேயே தண்ணீராகி, எரிபொருளின் அமிலங்களோடு கலந்து தகட்டை உள்ளிருந்து அரிக்கும். குளிர் மாநிலங்களில் பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு வெளியிலிருந்து அரிக்கும். சாதாரண எஃகுத் தகடு இந்த இரட்டைத் தாக்குதலுக்கு எத்தனை நாள் தாங்கும்? நேட் ஷெர்மன் என்ற உதிரிபாக வியாபாரி இதில் ஒரு வாய்ப்பைப் பார்த்தார். 1956இல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் முதல் மைடாஸ் கடை திறந்தது. காத்திருக்கும்போதே மாட்டித் தருவோம், அந்த வண்டி உங்களிடம் இருக்கும்வரை உத்தரவாதம் என்பது அதன் வாக்கு. 1972இல் ஹூஸ்டனில் மைனகி என்ற போட்டிக் கடை வந்தது. சைலன்சர் மட்டுமே மாற்றும் கடை என்பது ஒரு தனித் தொழிலாகி, ஊருக்கு ஊர் முளைத்தது. சில கடைகள் வாசலில் இருபதடி உயரக் கண்ணாடி இழைப் பூதத்தை நிறுத்தி, அதன் கையில் ஒரு சைலன்சரையும் கொடுத்தன. 1960களில் வார்க்கப்பட்ட அந்த உருவங்களுக்கு, கையில் என்ன வைத்திருந்தாலும், 'மஃப்ளர் மனிதன்' என்றே இன்றும் பெயர். நம்மூர்க் கட்-அவுட்டுக்கு அங்கே கிடைக்கும் நெருங்கிய உறவினர் அவர்தான்.

இந்தத் துருக்காலம் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் பழக்கத்தை வேரூன்றச் செய்தது அதுதான் என்று நினைக்கிறேன். கம்பெனி மாட்டியதைக் கழற்றிவிட்டு வெளியே வாங்கியதை மாட்டலாம், அதற்கென்று கடை இருக்கிறது, ஒரு மணி நேர வேலை என்ற எண்ணம் கிளாஸ்பேக் வாங்கிய இளைஞர்களால் மட்டும் ஒரு நாட்டின் பொதுப்புத்தி ஆகியிருக்காது. குடும்பத் தலைவர்களும் விவசாயிகளும் தங்கள் வண்டிகளோடு அந்தக் கடைகளில் வரிசையில் நின்றதால் ஆயிற்று. பிறகு 1960களில் சைலன்சருக்கென்றே உருவான, குரோமியம் கலந்த மலிவான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகை கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. அலுமினியம் பூசிய தகடும் வந்தது. சைலன்சர் வண்டியின் பாதி ஆயுளையாவது தாங்கத் தொடங்கியதும் அந்தக் கடைகள் பிரேக், டயர், ஆயில் என்று மற்ற வேலைகளுக்குத் திரும்பின. துரு என்ற காரணம் அத்தோடு மெலிந்துபோனது.

இப்போது பிக்கப்புக்கு வருவோம். காருக்கும் பிக்கப்புக்கும் கதை பிரிகிற இடம் 1975. தூய காற்றுச் சட்டத்தின் விதிகளுக்கு ஈடுகொடுக்க அந்த ஆண்டு கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. சைலன்சருக்கு முன்னால் உட்கார்ந்து புகையில் உள்ள நஞ்சை முறிக்கும் கருவி அது, ஈயமில்லாத பெட்ரோல் மட்டுமே குடிக்கும். விதி 6,000 பவுண்டு மொத்த எடைவரை உள்ள இலகு வண்டிகளுக்குத்தான். அதே 1975இல் ஃபோர்டு ஒரு புதிய பிக்கப்பைக் கொண்டுவந்தது. பழைய எஃப்-100ஐவிடக் கொஞ்சம் அதிகச் சுமை தாங்கும், மொத்த எடைக் கணக்கு 6,000 பவுண்டுக்குச் சற்றே மேல். ஆகவே கன்வெர்ட்டர் வேண்டாம், ஈயம் கலந்த மலிவான பெட்ரோலே போதும். அந்த வண்டியின் பெயர் எஃப்-150. இன்று அமெரிக்காவின் அடையாளம்போல நிற்கும் அந்தப் பெயர், ஒரு புகைச் சட்டத்தின் எல்லைக்கோட்டை ஓரடி தள்ளி நின்று தாண்டியதில் பிறந்தது. டாட்ஜ் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1978இல் அது விற்ற லில் ரெட் எக்ஸ்பிரஸ் என்ற சிவப்பு பிக்கப்பில் 5.9 லிட்டர் வி8. ஓட்டுநர் அறைக்குப் பின்னால், நெடுஞ்சாலை டிரெய்லர் லாரிகளில் இருப்பதுபோல, வானத்தைப் பார்த்து நிற்கும் இரண்டு குரோமியப் புகைக்குழாய்கள். கன்வெர்ட்டர் கிடையாது. 'கார் அண்ட் டிரைவர்' இதழ் நடத்திய சோதனையில் மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டுவதில் அன்றைய அமெரிக்க வண்டிகள் எல்லாவற்றையும் அது முந்தியது. விளையாட்டுக் கார்களைப் புகைச் சட்டம் முடக்கிப்போட்டிருந்த நேரத்தில், சுமை வண்டி ஒன்று சந்து வழியாக ஓடி முதலில் வந்தது. அடுத்த ஆண்டே எல்லை 8,500 பவுண்டுக்கு உயர்த்தப்பட்டு, சந்து அடைக்கப்பட்டது. ஆனால் 'உரக்கப் பேசும் வண்டி' என்ற பட்டம் காரிடமிருந்து பிக்கப்புக்கு அதற்குள் கைமாறிவிட்டது. 1977 முதல் ஃபோர்டின் எஃப் வரிசைதான் அந்நாட்டில் மிக அதிகம் விற்கும் பிக்கப்.

சட்டம் அடைத்தது அந்தச் சந்தை மட்டுமில்லை. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றக்கூடாது என்ற தடை முதலில் வண்டி செய்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் இருந்தது. 1977இல் அது ஒர்க்‌ஷாப்புகளுக்கும், 1990இல் எல்லோருக்குமாக விரிந்தது. கார்புரேட்டர் போய்க் கணினி வந்தது. ஆர்வமுள்ள ஒருவன் வீட்டுக் கொட்டகையில் கை வைக்கக்கூடிய இடங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. பூட்டப்படாமல் கிடந்த பெரிய துண்டு, கன்வெர்ட்டருக்குப் பின்னாலுள்ள குழாயும் சைலன்சரும். அங்கே எதை மாற்றினாலும் புகையின் நஞ்சில் மாற்றமில்லை, ஆகவே மாசுச் சட்டத்துக்கு அக்கறையும் இல்லை. பிக்கப்புக்கு இன்னொரு வசதி: தனி இரும்புச் சட்டகத்தின் மேல் உட்கார்ந்த உயரமான வண்டி, கீழே தாராளமான இடம், ஜாக்கி வைக்காமலே கையெட்டும் குழாய். கன்வெர்ட்டரிலிருந்து வால்வரைக்குமான முழுத் தொகுதியாக விற்பது என்ற இன்றைய வியாபார முறை இந்த எல்லைக்கோட்டில்தான் உருவாயிற்று. சட்டத்தை மீறிய கலகம் என்று இதைச் சொல்வது வழக்கம். எனக்கு அது சட்டம் வரைந்த வரைபடத்துக்குள் ஒழுங்காக ஓடிய தண்ணீராகவே தெரிகிறது. டீசல் பிக்கப்புகளின் கதை வேறு. அங்கே புகைவடிகட்டியையே பிடுங்கியவர்கள் உண்டு. 2020இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட கணக்கு, பத்தாண்டுகளில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் மாசுக் கருவிகள் அகற்றப்பட்டதாகச் சொன்னது. அது குற்றம். பெட்ரோல் பிக்கப்பின் சைலன்சரை மாற்றுவதை அதோடு சேர்த்துப் பேசக்கூடாது.

புகைக்குச் சட்டம் இருந்தது சரி, சத்தத்துக்கு? 1972இல் சத்தக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்ற ஒன்று வந்தது. அதன்கீழ் 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட புது லாரிகளுக்கு 1978இல் 83 டெசிபல் எல்லை வைத்தார்கள். பிக்கப் அதற்குள் வரவில்லை. மேற்கொண்டு விதி எழுத வேண்டிய அலுவலகத்துக்கு ரேகன் ஆட்சி 1980களின் தொடக்கத்தில் பணத்தை நிறுத்தியது. சட்டம் புத்தகத்தில் இருக்க, அலுவலகம் மட்டும் மூடப்பட்டது. பொறுப்பு மாநிலங்களுக்குப் போயிற்று. இவற்றில் கண்டிப்பானது என்று பெயர் வாங்கிய கலிபோர்னியா, 95 டெசிபலுக்குள் இருந்தால் சரி என்று அளவு சொல்கிறது. யாருக்கு? மொத்த எடை 6,000 பவுண்டுக்குக் குறைவான வண்டிகளுக்கு. அதே பழைய 6,000! இன்றைய முழு அளவு பிக்கப்புகள் பெரும்பாலும் அதைத் தாண்டியவை. அவற்றுக்கு 'போதுமான' சைலன்சர் வேண்டும், 'அளவுக்கு மீறிய அல்லது வழக்கத்துக்கு மாறான' சத்தம் கூடாது என்ற பொதுச்சொற்கள்தான் அளவுகோல். அளக்கும் கருவி சாலையில் நிற்கும் போலீஸ்காரரின் காது. நியூயார்க் 2021இல் அபராதத்தின் உச்சத்தை 1,000 டாலருக்கு உயர்த்தியது. அபராதத்தை எழுதவும் ஒரு காது வேண்டும்.

புகைச்சட்டம் திறந்துவைத்து, சத்தச் சட்டம் மூடாமல் விட்ட அந்த இடைவெளியில்தான் இன்றைய சைலன்சர்க் கம்பெனிகள் வளர்ந்தன. 1983இல் கலிபோர்னியாவில் ரே ஃப்ளகர் தொடங்கிய ஃப்ளோமாஸ்டர் பஞ்சு வைக்கவில்லை. உள்ளே தகடுகளைச் சாய்த்து வைத்து அறைகள் செய்து, அலையைப் பிளந்து மீண்டும் சந்திக்கவைத்து, வேண்டாத ஸ்வரத்தை அடக்கி வேண்டியதை விட்டது. இவர்கள் செய்வதை வாத்தியத் தொழில் என்றே சொல்லலாம். வி8 இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றும்போது சுற்றுக்கு நான்கு வெடிப்பு வீதம் நொடிக்கு 120 துடிப்பு எழுகிறது. இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் பங்கிடாத வெடிப்பு வரிசையால் அந்தத் துடிப்பில் ஒரு தள்ளாட்டம், ஒரு குமுறல். பிக்கப்பை அடையாளம் காட்டும் குரல் அதுதான். அதே துடிப்பு ஓட்டுநர் அறையின் காற்றோடு ஒத்ததிர்ந்தால் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் தலைக்குள் ரீங்காரமிடும். இதைத் தாங்கமுடியாமல் மாட்டிய மாதமே கழற்றியவர்களும் உண்டு. இதற்கு மருந்தாக, அந்த ஒரே ஒரு ஸ்தாயியை மட்டும் விழுங்கும் பக்கக் குழாய்களை இப்போது கம்பெனிகள் சேர்த்து விற்கின்றன. கம்பெனி சைலன்சரில் ஏற்கெனவே இருந்த ஏற்பாடு அது. கழற்றி எறிந்ததைத் திரும்ப விலைக்கு வாங்குவது என்பது இதுதான்.

"வலு கூடுகிறது என்பதை டைனோமீட்டரில் காட்ட முடியுமே" என்று சொல்வார்கள். முடியும். சில வண்டிகளில் சில குதிரைத்திறன் கூடத்தான் செய்கிறது. எங்கே கூடுகிறது என்று பார்க்க வேண்டும்: ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து, இன்ஜின் தன் உச்சச் சுற்றுக்குப் போகும்போது. புகையின் ஓட்டம் இரண்டு மடங்கானால் குழாயின் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும், ஆகவே தடையைக் குறைத்ததன் பலனும் உச்சத்தில்தான் தெரியும். மளிகை வாங்கப் போகும்போதும் படகை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும்போதும் பிக்கப் அந்த உச்சத்தில் இருப்பது அபூர்வம். இன்னொன்றும் உண்டு. 1975இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தபின், சும்மா கிடைக்கும் மைலேஜை எந்த வண்டிக் கம்பெனியும் சைலன்சரில் வீணாக்கிக்கொண்டிருக்க முடியாது. சத்தத்துக்காகவும் விலைக்காகவும் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருப்பார்கள், உண்மை. அந்தக் கொஞ்சம்தான் வெளியில் விற்பனைக்கு வருகிறது. 1932 ஃபோர்டில் கிடைத்த லாபம் இன்று அதில் கிடைக்காது. எதிர்ப்பக்கத்தில், "இன்ஜினுக்குப் பின்னழுத்தம் தேவை, கம்பெனி சைலன்சரைத் தொடாதே" என்று மிரட்டுகிறவர்கள் சொல்வதும் தவறு. எந்த இன்ஜினும் தன் புகையைத் தள்ளச் சிரமப்பட்டு நல்லது அடைவதில்லை; குழாய் தேவைக்கு மேல் அகலமானால் புகையின் வேகம் குறைந்து கீழ்ச்சுற்று இழுவை கொஞ்சம் தளரும், அவ்வளவே.

மற்ற எதிர்வாதங்கள் இத்தனை இடம் கேட்கவில்லை. வாரண்டி போய்விடும் என்ற பயத்துக்கு 1975இன் மாக்னசன்-மாஸ் சட்டம் பதில் சொல்கிறது: வெளிச்சாமான் மாட்டியதாலேயே வாரண்டியை மறுக்க முடியாது, அந்தச் சாமான்தான் பழுதை உண்டாக்கியது என்றால் மறுக்கலாம். சத்தம் இருந்தால் விபத்து குறையும் என்ற வாதம் மோட்டார் சைக்கிள்காரர்களிடம் கடன் வாங்கியது. குழாயின் வாய் பின்னால் பார்க்கிறது, ஆபத்து பெரும்பாலும் முன்னால் இருக்கிறது. "என் வண்டி, என் விருப்பம்" என்பதுதான் நேர்மையான வாதம், அதனால் கடினமானதும்கூட. வண்டியின் நிறத்துக்கும் டயருக்கும் அது முழுக்கப் பொருந்தும். சத்தம் மட்டும் உரிமையாளரின் வேலிக்குள் நிற்பதில்லை. ரீவ்ஸ் சகோதரர்கள் குதிரைகளை நினைத்த நாளிலிருந்து பிரச்சினை இதுவே. ஆனால் இந்த வாதத்தை வைப்பவர்களை ஒரு விஷயத்துக்குப் பாராட்ட வேண்டும். அவர்கள் குதிரைத்திறன் பேசுவதில்லை. எனக்குப் பிடிக்கிறது என்கிறார்கள். அண்டைவீட்டாரோடு பேரம் பேசத் தகுந்த பேச்சு அது.

மாற்றுகிறவர்கள் வாங்குவது குரலைத்தான் என்பதற்குக் கடைசிச் சான்றை வண்டிக் கம்பெனிகளே கொடுத்தன. 2011இல் எஃப்-150க்கு ஃபோர்டு ஆறு சிலிண்டர் இகோபூஸ்ட் இன்ஜினைக் கொடுத்தது. இரண்டு டர்போக்கள், வி8க்கு ஈடான இழுவை. டர்போவின் சக்கரம் புகையின் துடிப்பைத் தின்றுவிடுவதால் குரல் மட்டும் மெலிந்துபோனது. சைலன்சரை மாற்றினாலும் அந்தப் பழைய குமுறல் வராது. வலுதான் வேண்டியது என்றால் வாடிக்கையாளர் திருப்தி அடைந்திருக்க வேண்டும். ஃபோர்டு என்ன செய்தது? இன்ஜின் சத்தத்தைச் செறிவூட்டி ஸ்பீக்கர் வழியாக ஓட்டுநர் அறைக்குள் ஒலிக்கவிட்டது. 2015 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் இதை எழுதியபோது பலர் ஏமாற்றப்பட்டதாகக் கொதித்தார்கள். இன்னொரு பக்கம், சத்தமான வெளிச் சைலன்சர்களை வண்டிக் கம்பெனிகள் தங்கள் சொந்த உதிரிபாகப் பட்டியலிலேயே சேர்த்து விற்க ஆரம்பித்தன. இகோபூஸ்ட் வந்து பத்தாண்டுக்குச் சற்று மேல் கழித்து, புகைக்குழாயே இல்லாத மின்சார எஃப்-150 வந்தது.

லில் ரெட் எக்ஸ்பிரஸ் செய்த அதே டாட்ஜ், 2022இல் தன் மின்சாரக் காருக்கான மாதிரியைக் காட்சிக்கு வைத்தது. அதில் புகை இல்லை, குழாய் இல்லை, அடக்குவதற்கு ஒரு வெடிப்பும் இல்லை. பின்பக்கத்தில் ஒலிபெருக்கிகளும் ஒலியறைகளும் வைத்து 126 டெசிபல் வரை உறுமும் என்று அறிவித்தார்கள். அந்தக் கருவிக்கு நிறுவனம் வைத்த பெயர் 'ஃப்ராட்ஸானிக் சேம்பர்டு எக்ஸாஸ்ட்'.